எட்டுத் துளைகளின் அளவு

இன்று மதியம் மலையில் இருந்து வந்த பஸ்ஸில் ஒரு பெண் இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்தாள். முழங்கை நீளத்தில் ஒரு கித்தான் குழாய் விழுந்தது. இரண்டு முனையிலும் சதுர இரும்புச் சட்டம், சட்டத்துக்கு எட்டுத் துளை. நடுவில் கித்தான் கிழிந்து வாய் பிளந்திருந்தது.

"இது மட்டுந்தான் போச்சுக்கா. மத்ததெல்லாம் நல்லா ஓடுது. தெச்சுக் குடுத்தா அடுத்த பஸ்ஸ புடிச்சிடுவேன்" என்றாள்.

பக்கத்துத் தையல்கடைக்கு அனுப்பும் முன்னால் அதைக் கையில் எடுத்தேன். சாமை உமி, கிரீஸ், மழையில் நனைந்து காய்ந்த கித்தான், மூன்றும் கலந்த வாசனை. அவ்வளவுதான். ஒடுகத்தூர் கடைத்தெருவும் ஆட்டோ சத்தமும் மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன மாதிரி தூரமாகிவிட்டன. நீ கையில் ஒட்டிய உமியைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "இன்னா அண்ணி, பகல்லயே கனவா?" என்று கேட்பது போல் இருந்தது.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. சரக்கு லிஸ்ட் எழுதியே பழகிய கை இது. இருந்தாலும் அந்தப் பெண் காத்திருந்த நேரத்தில் எழுதத் தொடங்கியது, அவள் பஸ் ஏறிப் போன பிறகும் நிற்கவில்லை. ஒரு மெஷினில் கெட்டுப்போன இடம் மட்டும் பைக்குள் ஏறி, டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து மலை இறங்கி வருகிறது. மீதி மெஷின் அங்கேயே, மூடுபனிக்குள், நல்லபடியாக இருக்கிறது. இது நீ நினைத்தது. நீ நினைத்தபடியே நடக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீ பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தாய். நாத்தனார் என்றால் வாய் நீளமாக இருக்கும் என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். உனக்கு வாய் நீளமில்லை. உன் கையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருந்தது, அவ்வளவுதான். நீ கியர் செய்யும் பேக்டரிக்கு வேலைக்குப் போன வருஷங்களில் நான் ஜமுனாமரத்தூர் சந்தையில் தரையில் கோணி விரித்து சாமையும் புளியும் வாங்கி விற்றேன். அப்புறம் பெல்ட், பைப், மோட்டார் என்று மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் கடை போட்டேன். யாரும் கைதூக்கி விடவில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு என்று உனக்குத் தெரியும்.

மலைக்காரப் பெண்கள் சாமை மூட்டையோடு பஸ் ஏறி, உமி நீக்க ஒரு நாள் முழுக்கச் செலவு செய்து, திரும்ப மூட்டையோடு ஏறுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு வியாபாரம் தெரிந்தது. ஊருக்கே மெஷினைக் கொண்டுபோனால்? வெளியூரில் இருந்து ஒரு பெரிய மெஷினை வரவழைத்தேன். சல்லடை, உமி உரிப்பது, ஊதுவது, மோட்டார், எல்லாம் ஒரே உடம்பில். பச்சை பெயிண்ட் அடித்து அவ்வளவு அழகாக இருந்தது. உங்கண்ணன் லோடு ஆட்டோவில் ஏற்றி, ரோடு முடிகிற இடம் வரைக்கும் கொண்டுபோனார். அதற்கு மேல் அத்திக்காடு என்கிற ஊருக்கு ஒற்றையடிப் பாதை. எட்டு ஆண்கள் மூங்கில் கட்டித் தூக்கிப் பார்த்தார்கள். முதல் வளைவில் இரண்டு பாறைக்கு நடுவே மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஒரு புங்கமரத்தடியில் அதை விட்டுவிட்டு வந்தோம். அடுத்த வாரம் போனபோது அதன் மேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

வேலையை விட்டுவிட்டு நீ வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. என்னோடு வந்து அந்த மரத்தடியில் மெஷினைச் சுற்றிச் சுற்றி நடந்தாய். நான் நஷ்டத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் சுள்ளிக் கட்டோடு நின்ற பெண்களிடம் கேட்டாய்: "ஒரு ஆளு இந்தப் பாதையில எவ்ளோ கனம் தூக்குவீங்க?"

"எங்க வூட்டுக்காரனையே தூக்குவோம். குடிச்சிட்டு வுழுந்தா யாரு தூக்குறது?" என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரித்துக்கொண்டே விடவில்லை. ஒரு சாமை மூட்டை வரைக்கும் ஒருத்தி தூக்குவாள், இரண்டு மூட்டைக் கனம் என்றால் இரண்டு பேர் மூங்கிலில் தூக்குவார்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாய். மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்பதை பேக்டரிக்காரன் முடிவு செய்யவில்லை. அந்தப் பாதையும் அந்தப் பெண்களின் தலையும் முடிவு செய்தன.

வெல்டிங் பட்டறையில் நீ செய்தது நான்கு பெட்டி. கல்லும் தூசியும் பிரிக்கிற சல்லடைப் பெட்டி. சுழலும் தட்டு சாமையை ரப்பர் சுவரில் வீசி உமியைக் கழற்றுகிற உரிப்புப் பெட்டி. உமியை ஊதித் தள்ளுகிற புளோயர் பெட்டி. நான்காவதாக மோட்டார் சட்டம். ஒன்றுகூட இரண்டு பேர் தூக்குகிற கனத்துக்கு மேல் இல்லை. ஒரு பெட்டி இன்னொரு பெட்டியோடு சேருகிற பக்கத்தை நீ 'மூஞ்சி' என்று சொல்வாய். எல்லா மூஞ்சியும் ஒரே அளவு. ஒரு சதுரம், சுற்றி எட்டுத் துளை, துளைக்குத் துளை ஒரே இடைவெளி. அந்த அளவுக்கு ஒரு தகடு வெட்டிப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாய்.

நான் சும்மா இருப்பேனா? "இத்தினி போல்ட்டு, இத்தினி தகடு. ஒரே பெட்டியா செஞ்சா இரும்பு மிச்சம், பாக்கவும் லட்சணமா இருக்கும்" என்றேன்.

"அந்த லட்சணத்துலதான் துணி காயுது" என்றாய்.

உண்மையைச் சொல்ல வேண்டும், நீ எதையும் மறைக்கவில்லை. துண்டு போட்டால் கனம் கூடும், சேருகிற இடத்தில் தவிடு ஒழுகும், நட்டு தளரும், எல்லா வலியும் மூட்டில்தான் வரும் என்று நீயே சொன்னாய். "அதனாலதான் அண்ணி, மூஞ்சிய மட்டும் யாரும் தொடக்கூடாது. பொட்டிக்குள்ள இன்னா வேணா மாத்து. ரப்பரு மாத்து, தட்டு மாத்து, கரண்ட் இல்லாத ஊருக்கு மோட்டார எடுத்துட்டு டீசல் இன்ஜினு வையி. பக்கத்துப் பொட்டிக்கு அது தெரியவே கூடாது."

முதல் மெஷினைச் சேர்த்து ஓட்டிய காலை நினைவிருக்கிறதா? தனித்தனியாக ஓட்டியபோது ஒவ்வொரு பெட்டியும் பசு மாதிரி இருந்தது. சேர்த்து ஓட்டினால் குதித்தது. பட்டறைத் தரையில் தானாக நகர்ந்து கதவுப் பக்கம் போனது. உங்கண்ணன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார், அது வெளியே போய்விடும் என்று பயந்த மாதிரி. நீ சுவிட்சை அணைக்கவில்லை. பக்கத்தில் மண்டி போட்டு, ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாய். சல்லடையின் ஆட்டம் இரும்பு வழியாக உரிப்புப் பெட்டிக்குப் போய், அது தன் ஆட்டத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறது என்றாய். மறுநாள் இரண்டுக்கும் நடுவில் ஒரு கித்தான் குழாயைப் போட்டாய். சாமை போகும், ஆட்டம் போகாது. மெஷின் அடங்கியது.

அத்திக்காட்டுக்கு அது போன விடியலை நான் கனவில்தான் அதிகம் பார்க்கிறேன். பனியில் பாதை தெரியவில்லை. முன்னால் போகிறவள் தலையில் புளோயர் பெட்டி, அதன் வாய் வானத்தைப் பார்த்தபடி. அடுத்து சல்லடை. அப்புறம் மூங்கிலில் தொங்கி ஆடியபடி உரிப்புப் பெட்டி. கடைசியில் மோட்டார் சட்டம். பெண்கள் பனிக்குள் மறைந்துவிட்டார்கள், பெட்டிகள் மட்டும் மேலே மேலே மிதந்து போயின. ஏதோ ஒரு பெரிய மிருகம் தன்னைத் தானே பிரித்துக்கொண்டு, வலிக்காமல், வரிசையாக மலை ஏறுவது போல் இருந்தது. புங்கமரத்தடியில் பச்சை மெஷின் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே போய் எல்லாப் போல்ட்டையும் முடுக்கி, வெயில் ஏறும் முன்னால் சாமை அரிசி கொட்டியது. நீ ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு மெதுவாக மென்றாய்.

அப்புறம் ஊர் ஊராகக் கேட்டார்கள். நாம் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. மலையில் ஒவ்வொரு ஊரும் புதுச் சாமையைச் சாமிக்குப் பொங்கி வைக்கிறது வெவ்வேறு நாளில். ஓர் ஊரில் பொங்கல் முடிந்ததும் அவர்கள் பெட்டி சும்மா இருக்கும், பக்கத்து ஊரில் வேலை நெருக்கும். கூடை, உலக்கை இரவல் கொடுக்கிற மாதிரி அவர்கள் பெட்டிகளை இரவல் கொடுக்க ஆரம்பித்தார்கள். இந்த ஊர் புளோயர் அந்த ஊருக்கு, அந்த ஊர் சல்லடை இந்த ஊருக்கு. எது யாருடையது என்று அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நீ அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டாய். "மெஷினு மலை முழுக்கப் பரவி கெடக்குது அண்ணி" என்றாய்.

எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. பஸ் ஸ்டாண்டு எதிர்க் கடைக்காரர் நம் பெட்டி ஒன்றை அளந்து பார்த்து, அதே மூஞ்சி வைத்து புளோயர் பெட்டி செய்து விற்க ஆரம்பித்திருந்தார். நம் மெஷினில் அது அப்படியே உட்கார்ந்தது. உட்காரும். நீ அப்படித்தானே செய்திருந்தாய்.

அந்தச் சமயத்தில்தான் உனக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று வேலூரில் சொன்னார்கள். உங்கண்ணனுக்குச் சர்க்கரை இருந்ததால் அவருடையதை எடுக்கவில்லை. என்னுடையது ஒத்துப்போகவில்லை. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்றானது. இடது கையில் இரண்டு ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்தார்கள். "தொட்டுப் பாரு அண்ணி, உள்ள மோட்டார் ஓடுது" என்று என் விரலைப் பிடித்து வைத்தாய். தோலுக்கு அடியில் புர்ரென்று அதிர்ந்தது. அந்த ஆஸ்பத்திரி மெஷினைப் பார்த்து உனக்குத் தீராத ஆசை. நர்ஸ் வடிகட்டியைக் கழற்றி வேறொன்று மாட்டுவதை, குழாய் முனைகள் எந்த மெஷினிலும் அப்படியே சேருவதை, படுத்தபடி பார்த்துக்கொண்டே இருப்பாய். "எவனோ ஒருத்தன் மூஞ்சிய மாத்தாம வெச்சிருக்கான். அதனால நான் உசுரோட இருக்கேன்" என்று ஒரு நாள் சொன்னாய். இன்னொரு நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஒடம்புக்குள்ளதான் ஆளுக்கு ஒரு அளவு வெச்சுட்டான் சாமி" என்றாய்.

முதல் மூன்று வாரம் நீ வேலூரிலேயே இருந்தாய். நான் ஒரு நாள் பட்டறைக்குப் போய், சுவரில் இருந்த உன் தகட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேறொரு தகடு வெட்டச் சொன்னேன். துளைகளை ஒரு விரல் அகலம் தள்ளி. எதிர்க் கடைக்காரர் பெட்டி இனி நம் மெஷினில் சேராது. வாங்கினவர்கள் எதற்கும் என்னிடம்தான் வர வேண்டும். உன் வைத்தியத்துக்காகச் செய்தேன் என்று இப்போது எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அது பொய். பயத்தில் செய்தேன். கோணி விரித்து உட்கார்ந்த தரைக்குத் திரும்பிப் போய்விடுவேனோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு, கடை எவ்வளவு பெருத்தாலும் அது போகாது. அந்த அளவில் ஏழு மெஷின் மலைக்குப் போயின. ஏழு ஊர். உன்னிடம் சொல்லவில்லை.

நெல்லிக்கொல்லைக்கு நாம் போனது நீ தேறி வந்த பிறகு. நாளைக்குப் பொங்கல், உரிப்புப் பெட்டியில் பேரிங் பிடித்துக்கொண்டது என்று அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி லட்சுமி போன் செய்தாள். நான் மட்டும் போகிறேன் என்றேன். நீ முன்னாலேயே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். உன்னைத் தடுக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது, அதைச் சொல்ல முடியவில்லை.

நாம் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் நமக்காகக் காத்திருக்கவில்லை. நான்கு பெண்கள் விடியலிலேயே மேட்டைத் தாண்டிப் போய் அத்திக்காட்டு உரிப்புப் பெட்டியை இரவல் வாங்கித் தூக்கி வந்திருந்தார்கள். அத்திக்காட்டுப் பெட்டி உன் அளவு. நெல்லிக்கொல்லை மெஷின் என் அளவு. பழுதான பெட்டியைக் கழற்றி அந்த இடத்தில் இதை வைத்தார்கள். லட்சுமி முதல் போல்ட்டைப் போட்டாள், இறங்கியது. இரண்டாவது இறங்கவில்லை. மூன்றாவது இறங்கவில்லை. பெட்டியைத் திருப்பி வைத்தார்கள். மறுபடியும் ஒன்று மட்டும் இறங்கியது. ஒரு போல்ட் எங்கும் இறங்கும், அதில் எதுவும் தொங்கும், நிற்காது. பின்னால் பாயில் ஊரின் புதுச் சாமை மொத்தமும் குவிந்து கிடந்தது. பொங்கல் பானைகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. பிடித்துக்கொண்ட பேரிங்கைக் கழற்றப் பெட்டியைக் கீழே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், கையால் குத்தினால் மூன்று நாள் ஆகும்.

"இன்னாக்கா, ஊரு மாறுனா துளையும் மாறுமா? சட்டை தைக்கிறவன் கூட இப்படி அளவு தப்ப மாட்டானே" என்றாள் லட்சுமி. ஒரு கிழவி, சமவெளிக்காரர்களான நம்மைப் பார்த்து, "கீழ்நாட்டு வேல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீ வந்து குனிந்து இரண்டு சட்டத்துத் துளைக்கும் நடுவில் உன் சுட்டுவிரலை வைத்தாய். அடுத்த இரண்டுக்கு நடுவில். அடுத்தது. எல்லாமே ஒரே மாதிரி ஒரு விரல் தள்ளி இருந்தன. தவறி விழுந்த துளை இப்படி ஒழுங்காகத் தள்ளாது என்று உனக்குத் தெரியும். நீ நிமிரவில்லை. நான் வாயைத் திறந்துவிட்டேன்: "பட்டறைக்காரன்…"

நீ என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அந்தப் பொய்யை முடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீ அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பட்டறைக்காரன் இல்ல லட்சுமி. நான்தான் மாத்தச் சொன்னேன். எங்க கடையிலயே வாங்கணும்னு" என்றேன்.

லட்சுமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "சரி, அப்ப நீங்களே ஒக்காந்து துளைய போடுங்க. நாங்க சாமைய பொடைக்கறோம்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், வியாபாரத்தில் அது எனக்குப் பழக்கம்.

அத்திக்காட்டுப் பெட்டியையே அளவாக வைத்து, அதன் துளை வழியாக நெல்லிக்கொல்லைச் சட்டத்தில் நீ ஆணியால் புள்ளி அடித்தாய், வலது கையால். இடது கையை மடியில் வைத்திருந்தாய். டிரில் மெஷினை நான் பிடித்தேன். ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டு. முதல் மூன்று துளையில் முழு பலத்தோடு அழுத்தினேன். "அழுத்தாதீங்க. அதும்பாட்டுக்கு எறங்கட்டும்" என்றாய். என்னை எப்போதும் 'நீ' என்று பேசுகிறவள், அன்று 'ங்க' போட்டாய். இரும்புச் சுருள் சூடாக என் கால்மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் போட வைத்த துளைகள் சும்மா திறந்து கிடந்தால் தவிடு ஒழுகும் என்று, அதிலெல்லாம் வெறும் போல்ட் போட்டு அடைத்தோம். பதினாறு போல்ட், எதையும் பிடிக்காமல், வாயை மூட மட்டும்.

மத்தியானம் மெஷின் ஓடியது. மறுநாள் அவர்கள் பொங்கினார்கள்.

திரும்பும்போது மலைப்பாதையில் மேகம் இறங்கியிருந்தது. உங்கண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். வளைவுகள் ஒவ்வொன்றாக வெள்ளையில் இருந்து வெளியே வந்து திரும்பவும் வெள்ளைக்குள் போயின. நீ கண்ணை மூடியிருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன்.

"இன்னும் எத்தினி ஊருங்க?"

"இதோட ஏழு."

"மீதி ஆறும் மாத்தணும். டயாலிசிஸ் இல்லாத நாள்ல போலாம்."

"நீ வர வேணாம்மா. நானே போறேன்."

"நீங்க அழுத்துறீங்க. நான் வரேன்."

அந்த ஊர்ப் பயணங்கள்தான் நம் இருவருக்கும் கிடைத்த கடைசிக் காலம் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கலாம். டயாலிசிஸ் ஊசி போட்ட மறுநாள் நீ சாம்பல் நிறமாக இருப்பாய். அதற்கும் மறுநாள் கொஞ்சம் நிறம் வரும், அன்று கிளம்புவோம். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால், ஏற்றத்தில் ஒரு நெல்லிக்காயை வாயில் அடக்கிக்கொண்டு நடப்பாய். ஒவ்வொரு ஊரிலும் நான் அதே வாக்கியத்தைச் சொன்னேன், நான்தான் மாற்றினேன் என்று. மூன்றாவது ஊரில் ஒரு பெண், "ஐயோ இத சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க? மொதல்ல குந்துங்க" என்று களியும் கீரையும் போட்டாள். சாப்பிட்டுவிட்டு நீ பாறையில் சாய்ந்து படுத்தாய். கீழே அமிர்திப் பக்கத்துக் காடு நீலமாகக் கிடந்தது. மேகத்தின் நிழல் அதன் மேல் மெதுவாக ஊர்ந்து போனது, அவசரம் இல்லாத ஒரு யானை மாதிரி.

"பயந்துட்ட, இல்ல அண்ணி?" என்றாய் திடீரென்று. கேள்வி மாதிரி இல்லை. பழைய 'நீ' திரும்பி வந்திருந்தது. நான் தலையை ஆட்டினேன். அதற்குள் நீ தூங்கிவிட்டாய்.

நெல்லிக்கொல்லையோடு சேர்த்து ஐந்தாவது ஊர் முடிந்த வாரத்தில் உனக்கு மூச்சு வாங்கியது. வேலூருக்குப் போன ஆட்டோ திரும்பியபோது நீ அதில் உட்கார்ந்து வரவில்லை. என்னை அண்ணி என்று கூப்பிட இப்போது யாரும் கிடையாது.

ஆறாவது ஊருக்குத் தனியாகப் போனேன். அழுத்தாமல் துளை போட்டேன். ஏழாவதுக்குப் போகவே மனம் வரவில்லை. அதையும் முடித்துவிட்டால் உன்னோடு செய்கிற வேலை ஒன்றும் மிச்சம் இருக்காதே. ஒரு சாமை அறுப்பு முழுக்கத் தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒரு நாள் டிரில் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

அங்கே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மாட்டியிருந்த புளோயர் பெட்டி அந்த ஊருடையது இல்லை, உன் அளவுப் பெட்டி. எப்படிச் சேர்ந்தது? கிட்டே போய்க் குனிந்தேன். இரண்டு மூஞ்சிக்கும் நடுவில் ஒரு பலாப் பலகை, இரண்டு விரல் கனம். நடுவில் சாமை போகச் சதுரமாக வெட்டியிருந்தது. இந்தப் பக்கத்துக்கு என் அளவில் எட்டுத் துளை, அந்தப் பக்கத்துக்கு உன் அளவில் எட்டுத் துளை. ஒரு பக்கத்துப் போல்ட் தலை மறுபக்கம் இடிக்காமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் குழி செதுக்கிப் புதைத்திருந்தார்கள். இரும்பில் ஒரு கீறல் இல்லை.

கோவிந்தம்மாள் என்கிற பெண் உமியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். "துளை போடவாக்கா வந்தீங்க? வருவீங்கன்னு ஊருங்கள்ல சொன்னாங்க. சாமை காத்துக்கினு இருக்குமா? நாங்களே இத செதுக்கிட்டோம். எந்தளவு பொட்டி வந்தாலும் சேந்துக்கும்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரு சொல்லணும்? ரெண்டு வூடும் ஒத்துக்கல, நடுவுல ஒரு ஆளு வேணும்." பக்கத்தில் இருந்தவள், "நாங்க அதுக்கு சம்பந்தின்னு பேரு வெச்சிருக்கோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பலகையை எனக்குக் கொடுங்கள், புதிதாக இரும்பிலேயே செய்து தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். கோவிந்தம்மாள் தரவில்லை. "இரும்பு ஆட்டத்த கடத்தும்க்கா. மரம் கொஞ்சம் முழுங்கிக்கும்" என்றாள். உன் வாயில் இருந்து வர வேண்டிய பேச்சு அது. உன்னை அறியாத ஒருத்தி, தானாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். டிரில் மெஷினைப் பையில் இருந்து எடுக்கவே இல்லை. உமி வெயிலில் பொன்னாகப் பறந்து என் தலையில் இறங்கியது.

மறுநாள் கடை திறந்ததும் எதிர்க் கடைக்குப் போய், உன் அளவில் ஒரு தகடு வெட்டி அவர் மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடாமல் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, கடைய மூடப் போறியா?"

"மூடலண்ணா. நீங்க கண்ணால அளந்து செய்யிறீங்க, சில சமயம் ஒரு நூல் அளவு தப்புது. இத வெச்சு செய்யுங்க."

"இதுல இன்னா சூது?"

"ஒண்ணும் இல்ல."

ஒரு வாரம் அவர் நம்பவில்லை. இப்போது அவருடைய சல்லடைப் பெட்டி என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. கேட்கிற ஊர்க்காரர்களிடம் அதைச் சொல்லியும் விடுகிறேன். சொல்லும்போது வயிறு எரிகிறது, எரியவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். என் உரிப்புப் பெட்டியை யாரும் இன்னும் தொட முடியவில்லை, அந்தத் திமிரும் இருக்கிறது.

நெல்லிக்கொல்லையில் இருந்து திரும்பிய அன்று, ஏன் செய்தாய் என்று நீ கேட்பாய் என்று வழி முழுக்க எதிர்பார்த்தேன். பதில் தயாராக வைத்திருந்தேன். உன் ஆஸ்பத்திரி, எதிர்க் கடை, வீடு, எல்லாம் சேர்த்து ஒரு நல்ல பதில், யாரும் மறுக்க முடியாது. நீ கேட்கவில்லை. எத்தனை ஊர் என்று மட்டும் கேட்டாய். கேட்டிருந்தால் அந்தப் பதிலைச் சொல்லி, நானும் அதை நம்பி, ஆறு ஊருக்கும் போகாமலே இருந்திருப்பேன். சொல்லாமல் போன அந்தப் பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. எப்போதாவது ஒரு அளவைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்று கை அரிக்கும்போது அதை எடுத்து ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். பொய்யாக இருந்தும் அது கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் கையை எடுத்துவிடுகிறேன்.